கன்று வீசிய மாடு

மார்கழி 20, ஞாயிறு

இன்று பால் சொசைட்டியில் கூட்டம். பெண்களுக்கு ஒரு இடம் ஒதுக்க வேண்டும் என்பதால் என்னை இயக்குநராகப் போட்டிருக்கிறார்கள். காராசேவைத் தின்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது என்பதை மறந்துவிட்டார்கள்.

கால்நடை டாக்டர் அமலி வந்திருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் யாருக்கும் பயப்படாமல் பேசுகிறார். நம் பக்கத்தில் கன்று வீச்சு நோய் பரவுகிறதாம். மாதம் நிறையாமல் ஏழிலோ எட்டிலோ மாடு கன்றை வீசிவிடும். மாட்டுக்கு வைத்தியம் கிடையாது. சந்தையில் கைமாறும் மாடுகள் வழியாகத்தான் ஊர் ஊராகப் போகிறது என்றார். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக்கூடாது, ஆழமாகப் புதைக்க வேண்டும். மனிதருக்கும் ஒட்டும், விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், இடுப்பும் மூட்டும் வலிக்கும் என்று சொல்லி எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்தார். கையுறை போட்டுப் பிரசவம் பார்க்க மாடு என்ன கலெக்டர் சம்சாரமா என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்புறம் தீர்மானம். சந்தையிலிருந்து மாடு ஓட்டி வந்தால் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை தனியாகக் கட்ட வேண்டும். கன்று வீசிய மாட்டைச் சொல்லாமல் விற்கக்கூடாது. இதற்கு எத்தனை எதிர்ப்பு. ரத்தம் எடுத்தால் பால் வற்றிவிடும் என்றார் ஒருவர். நோய் பிடித்த ஊர் என்று பேர் ஆகிவிட்டால் தரகர்கள் இந்தப் பக்கமே வரமாட்டார்கள் என்றார் இன்னொருவர். கீழ்த்தெரு சாந்தாமணி ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். போன வருடம் அவள் கட்டுத்தறியில் ஒன்றன் பின் ஒன்றாக மூன்று மாடுகள் கன்று வீசின. வீட்டுக்காரர் இல்லாதவள், பாலை நம்பித்தான் பிழைப்பு. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"பொண்ணுப் பாக்கப் போனா ஊரெல்லாம் விசாரிக்கறீங்க. மாடு வாங்கறப்ப மட்டும் சுழி பாத்தாப் போதுமுங்களா?" என்று கேட்டேன். ஒவ்வொரு கையாகத் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

வீட்டுக்கு வந்ததும் இவர், உனக்கு எதற்கு இந்த வம்பு என்றார். மாட்டு உடம்பில் சுழி பார்த்து நல்லது கெட்டது சொல்வதில் இவரை மிஞ்ச இந்தச் சுற்று வட்டாரத்தில் ஆள் இல்லை. அதைத்தான் குத்திக்காட்டிவிட்டேன் என்று கோபம். ராத்திரி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

தை 2, வெள்ளி

மாட்டுப் பொங்கல். மூன்று மாடுகளையும் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டோம். செவலை மட்டும் பொங்கலை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஆவணியில் செவ்வாய்ச் சந்தையில் இவர் சினையாக வாங்கி வந்த மாடு. வந்த நாளிலிருந்து என் முந்தானையை இழுத்துத் தின்னப் பார்க்கும். இப்போது ஏழாம் மாதம். வயிறு அடைத்திருக்கும், அதுதான் தின்னவில்லை என்றார் இவர்.

தை 5, திங்கள்

காலையில் சாணி அள்ளப் போனேன். செவலையின் காலடியில் கன்று கிடந்தது. உடம்பில் முடி கூடச் சரியாக முளைக்கவில்லை. செவலை அதை நக்கிக்கொண்டே இருந்தது.

நஞ்சுக்கொடி முழுசாக விழவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிடலாம் என்றேன். கூப்பிட்டால் ரத்தம் எடுப்பார், ரத்தம் எடுத்தால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரியும் என்றார் இவர். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு, தானே கையை விட்டு எடுத்தார். ரொம்ப நேரம் பிடித்தது. அந்தக் கையுறை அலமாரியில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் திட்டுவாரோ என்று பேசாமல் நின்றேன்.

கன்றைத் தென்னை மரத்துக்கு அந்தப் பக்கம் புதைத்தோம். சினை மாடு ஏதாவது மிரண்டு விழுந்தாலும் கன்று வீசும். எல்லாமே அந்த நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

தை 6, செவ்வாய்

எங்கள் ஊரில் மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொட்டலமாகக் கட்டி, ஊர்க்கோடி ஆலமரத்தில் தொங்கவிடுவோம். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் பெருகும் என்று ஒரு நம்பிக்கை. யார் வீட்டில் மாடு கன்று போட்டது என்பதும் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துத்தான் ஊருக்குத் தெரியும். கன்று வீசினால் யாரும் கட்டமாட்டார்கள்.

பால் ஊற்றிவிட்டு வரும்போது பார்க்கிறேன், ஆலமரத்தில் புதுப் பொட்டலம் ஒன்று தொங்குகிறது. கீழே இரண்டு நாய்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றன. வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டேன்.

"நீ கை தூக்குன சட்டம் மொதல்ல நம்ம ஊட்டுலயே விடியோணுமா?" என்றார்.

மாதம் நிறைந்துதான் கன்று போட்டது, கன்று தங்கவில்லை, தரகன்தான் மாதத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டான். இப்படித்தான் ஊரில் சொல்ல வேண்டுமாம். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம். ஆனாலும் அவர் சொன்னபோது ஒரு நிம்மதியும் வந்ததே, அதை என்னவென்று எழுதுவது.

தை 7, புதன்

சாந்தாமணி கிண்ணத்தோடு சீம்பாலுக்கு வந்துவிட்டாள். பொட்டலத்தைப் பார்த்தாளாம். கன்று செத்துவிட்டது, அந்தப் பாலை எப்படிக் கொடுப்பது என்று சமாளித்தேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். மனதை விடாதீர்கள் அக்கா, நான் மூன்று கன்றைப் பறிகொடுத்தவள் என்றாள்.

தை 11, ஞாயிறு

செவலை கொஞ்சம் பால் கொடுக்கிறது. சொசைட்டிக்குத்தான் ஊற்றுகிறோம். எல்லோரும் காய்ச்சித்தானே குடிக்கிறார்கள்.

தை 20, செவ்வாய்

செவலையைச் சந்தைக்கு ஓட்டிப் போய்விட்டார்.

முன் தினமே எனக்குத் தெரியும். தேய்த்துக் குளிப்பாட்டினார், கொம்புக்கு எண்ணெய் போட்டார். மாட்டை வேண்டுமானால் கொட்டகைக்கு அந்தப் பக்கம் தனியாகக் கட்டி வைத்துக்கொள்ளலாமே என்றேன். கன்றும் இல்லாமல் பாலும் சரியாக இல்லாமல் எத்தனை நாள் தீனி போடுவது என்று கேட்டார். நாம் மட்டும் யோக்கியமாக இருந்து என்ன ஆகப்போகிறது, அந்தச் சந்தையில் நிற்கிற மாட்டில் பாதி இப்படித்தான் என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். நாங்களும் அங்கேதானே வாங்கினோம்.

பொழுது சாய்ந்து வந்தார். கையில் கயிறு மட்டும். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கமாட்டோம், வீட்டு லட்சுமி போய்விடும் என்பார்கள். சாப்பிடும்போது தானாகவே சொல்ல ஆரம்பித்தார். தரகர் குப்புராஜ் எங்கிருந்தோ ஒரு கன்றைப் பிடித்து வந்து செவலையின் கன்று என்று பக்கத்தில் நிறுத்தினானாம். வாங்கினவன் வாலைத் தூக்கிப் பார்த்தான், பல்லைப் பார்த்தான், ஒரு மணி நேரம் சுழி பார்த்தான். ஒரு குற்றமும் இல்லை என்று சந்தோஷமாக ஓட்டிப் போனான்.

இதைச் சொல்லிவிட்டு இவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மாசி 4, திங்கள்

இவருக்குக் காய்ச்சல். சந்தை வெயிலில் அலைந்தது என்று நினைக்கிறேன். கசாயம் வைத்துக் கொடுத்தேன்.

மாசி 6, புதன்

காய்ச்சல் விட்டுவிட்டது. சோளத்தட்டு அறுக்கப் போனார். சொன்னேனே, வெயில்தான்.

மாசி 11, திங்கள்

மறுபடியும். சாயங்காலமானால் ஏறுகிறது. விடிகாலையில் சட்டையைப் பிழிகிற அளவுக்கு வேர்வை. இடுப்பு வலிக்கிறது என்று பால் கறக்க உட்கார முடியவில்லை. மூன்று வேளையும் நானேதான் எல்லாம் பார்க்கிறேன். பனி அதிகம் இந்த வருடம்.

மாசி 18, திங்கள்

டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் வயதானவர், நிதானமாகக் கேட்டார். காய்ச்சல் எப்போது வருகிறது, எப்போது விடுகிறது, எங்கே வலிக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"மாடு கன்னு வெச்சிருக்கீங்களா? ஏதாவது மாடு கன்னு வீசுச்சா?"

இவர் என்னைப் பார்க்கவில்லை.

"மாடு இருக்குதுங்க. எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது."

பக்கத்தில் ஊசி போடுகிற இடத்தில் சொசைட்டி செயலாளரின் தங்கை மகள் நின்றுகொண்டிருந்தாள். அதனால் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த கொசு விளம்பரத்தைப் பார்த்தேன். டைபாய்டாக இருக்கும் என்று மாத்திரை எழுதினார், கேட்காவிட்டால் திரும்ப வரச் சொன்னார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டே வந்தார். நம் ஊர் நிறுத்தம் வரும்போது, நீ சொல்லிவிடுவாய் என்று பயந்தேன் என்றார். சொல்லாததற்கு நன்றி சொல்கிறாரா, குறை சொல்கிறாரா என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

மாசி 23, சனி

மாத்திரை தீர்ந்துவிட்டது. காய்ச்சல் தீரவில்லை.

மாசி 27, புதன்

சாந்தாமணி ஆள் அனுப்பியிருந்தாள். புது மாடு வந்திருக்கிறது, வந்து பாருங்கள் அக்கா என்று. அவள் தம்பி வடக்கே ஏதோ ஒரு சந்தையில் வாங்கி வண்டியில் ஏற்றி வந்தானாம். போனேன்.

வாசலைத் தாண்டும்போதே அது கத்தியது.

கொம்பு நுனியைச் சீவியிருக்கிறார்கள். கழுத்தில் புது மணி கட்டியிருக்கிறது. சாந்தாமணி எங்கள் கட்டுத்தறிப் பக்கம் வந்ததில்லை, அவளுக்கு அடையாளம் தெரியாது. எப்படிச் சீவினால் என்ன, எனக்குத் தெரியாதா. கிட்டப் போனதும் என் முந்தானையை வாயில் கவ்வி இழுத்தது.

ஆளைப் பார்த்ததுமே ஒட்டிக்கொள்கிறது பாருங்கள் என்று சாந்தாமணி சிரித்தாள். போன வருடத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவே இல்லை. ராணி என்று பேர் வைத்திருக்கிறாளாம். முன்பு வைத்திருந்தவன் பால் பத்தவில்லை என்று விற்றுவிட்டானாம், தீனி ஒழுங்காகப் போடாதவனாக இருப்பான் என்றாள். செவலையைத் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே கிடாரியோடு ஒரே தொட்டியில் கட்டியிருந்தாள். இரண்டும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு தீனி தின்றன.

"ரத்தமெல்லாம் எதுக்குங்கக்கா? நீங்க பாத்து நல்ல மாடுன்னு செயலாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீருங்க, போதும்."

நல்ல மாடு என்றேன். அந்த வாய்தான், கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் பேசிய வாய்தான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு, விற்றது விற்றதுதான் என்றார்.

மாசி 28, வியாழன்

சாந்தாமணியின் கிடாரி நாலு மாதச் சினையாம். சொசைட்டியில் அவளே சொன்னாள். அவளுக்குப் பின்னால் பால் கேனோடு நின்றுகொண்டிருந்தேன். பாலைக் கொட்டிவிட்டேன்.

மாசி 29, வெள்ளி

என் வெள்ளை மாடும் சினைதான். செவலை கன்று வீசிய அன்று அதுவும் பக்கத்தில்தான் கட்டியிருந்தது. இதை இத்தனை நாள் நான் எழுதவே இல்லை என்று இன்று பின்னால் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மாசி 30, சனி

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் அவள் தனியாக இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். புண்ணாக்கு ஊற வைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. இது எங்கள் செவலை, தையில் கன்று வீசிய மாடு, ஆலமரத்தில் கட்டிய பொட்டலம் பொய், சீம்பால் இல்லை என்று சொன்னதும் பொய் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அடிப்பாள், ஊரைக் கூட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனேன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். குரல் எழும்பவே இல்லை.

"சரிங்கக்கா. வர்ற செவ்வாக்கெழமை ஓட்டிட்டுப் போயிர்றேன். நீங்க யாருகிட்டயும் மூச்சு உட்ராதீங்க, நானும் உடல."

ஒன்றும் புரியாமல் நின்றேன். அவளே சொன்னாள். போன வருடம் அவளுடைய மூன்று மாடுகளையும் அதே செவ்வாய்ச் சந்தையில்தான் விற்றாளாம். கன்று வீசிய மாடு என்று சொல்லி விற்றால் யார் வாங்குவார்கள், நான் எங்கே போவேன் என்று கேட்டாள். கடைசி மாட்டை ஆடி முடிகிற சமயத்தில் விற்றதாகச் சொன்னாள். நாங்கள் ஆவணியில் அங்கே போனோம். செவலை அவள் மாடு இல்லை, ஆனால் அவள் மாடு நின்ற சந்தையில்தான் அதுவும் நின்றது.

வாங்குகிறவன் ஒரு அப்பாவியாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"என்னைய மாதிரி ஒருத்தியாத்தான் இருப்பா. அவளும் விப்பா," என்றாள்.

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும். இரண்டு பேரும் அந்தப் புண்ணாக்கு வாளிக்கு இரண்டு பக்கமும் நின்று அழுதோம். செவலையும் கிடாரியும் எங்களைப் பார்த்துக்கொண்டே அசை போட்டன.

மாட்டை என்னிடம் திருப்பிக் கொடு, சந்தைக்கு மட்டும் போகக்கூடாது, மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றேன். கிடாரிக்கு ரத்தம் பார்த்துவிடலாம், டாக்டரம்மாவை நானே அழைத்து வருகிறேன் என்றேன். அவள் வாளியை எடுத்து ஓரமாக வைத்தாள். வாசல் வரைக்கும் வந்தபிறகு, நாளைக்கு ஓட்டிக்கொண்டு போங்கள் என்றாள். பின்பக்கம் பள்ளத்து வழியாகப் போகச் சொன்னாள், ஊருக்குள் வேண்டாம் என்றாள்.

பங்குனி 1, ஞாயிறு

பள்ளத்து வழியாகப் போகவில்லை.

சாயங்காலம் பால் ஊற்றுகிற நேரம். கீழ்த்தெருவில் நுழைந்து, பிள்ளையார் கோயிலைத் தாண்டி, சொசைட்டி வாசல் வழியாகவே செவலையை ஓட்டி வந்தேன். வேண்டுமென்றே வந்தேன் என்று எழுத ஆசைதான். சாந்தாமணி வீட்டுச் சந்து முனையில் நின்றபோது கால் பள்ளத்துப் பக்கம்தான் திரும்பியது. ஆலமரத்தில் அந்தப் பொட்டலத்தைக் கட்ட இவர் எந்த வழியாகப் போயிருப்பார் என்று அப்போது தோன்றியது. அந்த வழிதான். கயிற்றைச் சுண்டி இந்தப் பக்கம் திரும்பிவிட்டேன்.

பால் கேனோடு வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாட்டை அவர்களுக்கும் தெரியும். செயலாளர் பால் அளக்கிற கையோடு வெளியே வந்து, இது நீங்கள் தையில் விற்ற மாடுதானே என்று கேட்டார்.

"ஆமாங்க. கன்னு வீசின மாடு. தெரிஞ்சேதான் வித்தோம்," என்றேன்.

சாந்தாமணியின் பேரை நான் எடுக்கவில்லை. அதை அவள்தான் சொல்ல வேண்டும். பின்னால் யாரோ சிரித்தார்கள். சுழி பார்த்தால் போதுமா என்று அன்றைக்கு நான் கேட்டதை யாரோ என் குரலிலேயே சொன்னார்கள். சொல்லட்டும். முகம் எரிந்தது, ஆனாலும் நடந்தேன். தண்டபாணி மட்டும் வரிசையை விட்டு விலகி என்னோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தார். ரத்தம் எடுத்தால் பால் வற்றிவிடும் என்று கூட்டத்தில் சொன்னவர் அவர்தான். யாருக்கும் கேட்காதபடி, அந்த டாக்டரம்மா எந்த நாளில் வருவார் என்று கேட்டார். அவர் வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

இவர் வாசலில் கட்டிலில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். நான் வருவதற்கு முன்பே யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். முகம் அப்படி இருந்தது. மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மாட்டைப் பார்த்தார். திட்டினால் திருப்பித் திட்டுவதற்கு வழி முழுக்க வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

கட்டுத்தறிப் பக்கம் திரும்பினேன். வெள்ளை எட்டிப் பார்த்தது.

"அங்க கட்டாத," என்றார்.

போர்வையை உதறிவிட்டு எழுந்தார். சுத்தியலையும் ஒரு முளைக்குச்சியையும் எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்கு நடந்தார். மற்ற மாடுகள் அந்தப் பக்கம் போவதே இல்லை. முளையை ஊன்றி அடித்தார். ரெண்டு அடி அடித்ததும் மூச்சு வாங்கியது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம். அந்த டாக்டரு கேட்டதுக்கு நீயே பதில் சொல்லீரு. எனக்கு வாய் வராது."

சரி என்றேன். முளையை நான் அடித்து முடித்தேன்.